சும்மா கிடக்கிற நிலம்

ஒரு நிலத்தைப் பற்றி 'சும்மாதானே கிடக்கிறது' என்று யாராவது சொன்னால், அதன் விதி அநேகமாக அதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். வர்ணனைபோல் தொனிக்கும் இந்த வாக்கியம் உண்மையில் ஒரு குற்றச்சாட்டு. சும்மா இருப்பதை ஆன்மீகத்தின் உச்சமாகப் போற்றிய ஒரு மொழியில் நிலம் சும்மா இருப்பது மட்டும் ஏன் பொறுக்க முடியாததாகிவிட்டது என்பது யோசிக்கத் தக்கது. மனிதன் சும்மா இருந்தால் அவன் ஞானி, அல்லது சோம்பேறி. இரண்டில் எது என்பது பெரும்பாலும் அவனுடைய ஜாதியையும் சொத்தையும் பொறுத்தது. நிலத்துக்கு இந்தச் சந்தேகத்தின் பலன்கூடக் கிடைப்பதில்லை.

நான் பேச விரும்புவது விளையாட்டுத் திடல்களைப் பற்றி. பையன்கள் பந்தாடுகிற பொட்டல், சாயங்காலம் கிழவர்கள் வந்து உட்கார்கிற மரத்தடி, மழை பெய்தால் குட்டையாகிற பள்ளம், இப்படிப்பட்ட இடங்கள் வீடு கட்டுவதற்காக எடுத்துக்கொள்ளப்படும்போது ஒரு கேள்வி எழுகிறது. கூரையில்லாதவன் இருக்கிற ஊரில், பந்தாட இடம் வேண்டும் என்று கேட்க ஒருவனுக்கு என்ன தார்மீக உரிமை இருக்கிறது? 'நகரத்தின் நுரையீரல்' என்ற உருவகத்தால் இதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நுரையீரல் என்று சொன்ன மறுகணமே திடல் ஓர் உறுப்பாக, ஒரு கருவியாக ஆகிவிடுகிறது. கருவிக்கு மாற்றுக் கருவி உண்டு. நிலத்தடி நீர், வெக்கை, வெள்ளம் எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனால் மழைநீரைச் சேமிக்க வேறு நல்ல வழி கிடைத்துவிட்டால் திடலைக் கொடுத்துவிடலாமா? கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்பதே இங்கே விசாரம்.

'புறம்போக்கு' என்ற சொல்லின் சரித்திரத்தை யாராவது முழுமையாக எழுத வேண்டும். ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து, சர்வே எண் கொடுத்து, இன்னாருடைய வயலுக்கு இவ்வளவு தீர்வை என்று எழுதிக்கொண்டே போன கணக்குப்பிள்ளையின் நோட்டில், தீர்வைக்குப் புறம்பாக நின்றுவிட்டதெல்லாம் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு. அடைமொழிகளைக் கழற்றாமல் படித்தால், ஓர் ஊர் உயிரோடிருக்க வேண்டியதெல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. தண்ணீர், புல், போரடிக்க இடம், போய்வர வழி, கடைசியில் எரிக்க இடம். எல்லாருக்கும் வேண்டியிருந்ததாலேயே இவை ஒருவருக்கும் எழுதிக்கொடுக்கப்படவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் உலகத்தைப் பார்ப்பது வரவுப் பத்தியின் வழியாக. வருமானம் தராதது வீண் என்ற பார்வை நிலத்திலிருந்து மனிதர்களுக்குத் தாவிற்று. இன்று சென்னைத் தெருவில் அச்சொல் ஒரு வசவு. 2017இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிப் பாடிய பாடல் இந்த வசவைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தது. பாட்டைப் பற்றி நாம் பேசிய அளவுக்குச் சொல்லைப் பற்றிப் பேசவில்லை.

இந்தப் பார்வைக்குத் தத்துவ முகாந்திரம் தேடினால் ஜான் லாக்கிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். 1689இல் வெளிவந்த, அரசாங்கம் பற்றிய அவருடைய இரண்டாவது ஆய்வுரையின் வாதம் சுருக்கமாக இதுதான்: பூமி ஆதியில் எல்லாருக்கும் பொது. ஒருவன் தன் உழைப்பை எதோடு கலக்கிறானோ அது அவனுடையதாகிறது. யாரும் கைவைக்காமல் இயற்கையிடம் விடப்பட்ட நிலம் வீண் நிலம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் வேட்டைக்காடுகளைப் பறித்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. நம் தாலுகா ஆபீஸ்களில் லாக்கை யாரும் படித்ததில்லை. படிக்காமலேயே பின்பற்றப்படுவதுதான் ஒரு தத்துவவாதியின் உண்மையான வெற்றியோ என்னவோ.

ஆனால் லாக் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். ஒருவன் நிலத்தை வளைத்துக்கொள்ளலாம். அப்படி வளைத்த பிறகும் மற்றவர்களுக்குப் போதிய அளவு, அதே தரத்தில், மிஞ்சியிருக்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் வளைத்ததற்கு நியாயமில்லை. தனிச்சொத்தின் தீவிர வக்கீலான ராபர்ட் நோஸிக் 1974இல் எழுதிய நூலில் இந்த நிபந்தனையை முடிந்தமட்டும் மெலிய வைத்தார். முழுதாகத் தூக்கியெறிய அவராலும் முடியவில்லை.

லாக்கின் மற்ற வாதங்களில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் இந்த 'மிச்சம்' என்ற கருத்து, திடலைப் பற்றி நான் இதுவரை கேட்ட எந்தப் பசுமைப் பேச்சையும்விட ஆழமாகப் போகிறது. ஒவ்வொரு சுவரும் வெளியில் இருப்பவனைப் பார்த்துச் சொல்வது ஒரே வாக்கியம்: உள்ளே வராதே. என் வீட்டின் மேல் எனக்குள்ள உரிமை ஸ்தூலமாகப் பார்த்தால் மற்ற எல்லாருக்கும் மறுக்கப்பட்ட நுழைவுதான். கோடிக்கணக்கான சுவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு நகரத்தில், சுவர் எழுப்புவதையே சகிக்கத்தக்கதாக்குவது எது? சுவர்களுக்கு வெளியே, யாரும் யாரையும் பார்த்து 'போ' என்று சொல்ல முடியாத ஓர் இடம் எஞ்சியிருப்பதுதான். திடல் என் பட்டாவுக்குப் போட்டியல்ல. என் பட்டா நியாயமாக இருப்பதற்கான நிபந்தனை. இப்படிப் பார்த்தால், திடலுக்குச் சமூகம் காட்டுகிற தயவு என்று எதுவும் இல்லை. வளைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் சேர்ந்து செலுத்தியாக வேண்டிய பாக்கி அது.

வீதியும் பொதுதானே என்று கேட்கலாம். வீதியில் நிற்பவனிடம் ஏன் நிற்கிறாய் என்று கேட்க முடியும். போலீஸ்காரர் கேட்கவும் செய்கிறார். வீதி போவதற்கு. கடைத்தெரு வாங்குவதற்கு, கோயில் கும்பிடுவதற்கு. காரணம் காட்டாமல் ஒருவன் இருந்துவிடக்கூடிய இடம் நகரத்தில் எத்தனை? டச்சு சரித்திராசிரியர் ஹூய்ஸிங்கா 1938இல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் ஆடுகளத்தையும் கோயிலையும் நீதிமன்றத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார். அன்றாட வாழ்விலிருந்து கோடு கிழித்துப் பிரிக்கப்பட்டு, உள்ளே வேறு விதிகள் செல்லுபடியாகிற இடங்கள் என்ற அர்த்தத்தில். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கோடு. கரித்துண்டால் சுவரில் மூன்று ஸ்டம்ப் வரைந்த மாத்திரத்தில் பொட்டல் மைதானமாகிறது. ஆட்டம் முடிந்ததும் மீண்டும் பொட்டலாகிவிடுகிறது. எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல் ஓரிடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் சொத்துடைமைக்கு நேர் எதிரானது. ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பையனை 'ஆள் பத்தலை, வர்றியா' என்று கூப்பிடுகிறார்களே, அந்த அழைப்பில் வீட்டு முகவரி கேட்கப்படுவதில்லை.

கேட்கப்படுவதில்லை என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. இந்தத் தயக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எளிதான ஆட்சேபம். 'உன் வீடே ஏரியில்தானே இருக்கிறது?' சென்னையில் இந்தக் கேள்விக்குத் தப்பக்கூடியவர்கள் குறைவு. மந்தைவெளி என்ற பேட்டையின் பெயரை அஞ்சல் முகவரியாக எழுதிக்கொண்டே இருப்பதில், அது மாடு மேய்ந்த வெளி என்பது நமக்குக் காதில் விழுவதே இல்லை. 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் உண்டாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் பெயரே 'ஏரித் திட்டம்'. கொன்றவன் பெயரைக் கொலையுண்டவனுக்குச் சூட்டுவதுதான் சரித்திர வழக்கம். இங்கே தலைகீழாக, கொலையுண்டதன் பெயரைக் கொன்றது சூட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, எல்லா வீடும் ஏதோ ஒரு வெளியை விழுங்கித்தான் நிற்கிறது. ஆகவே இன்னும் ஒன்றை விழுங்கினால் என்ன என்பது வாதம். எனக்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு நேர் எதிரானது. விழுங்கியது அதிகமாக அதிகமாக, மிச்சத்தின் மேலுள்ள கடமையும் அதிகமாகிறது. தியாகராய நகரை வரைந்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. ஏரியை எடுத்துக்கொண்டவர்கள் நடுவில் பனகல் பார்க்கை விட்டுவைத்தார்கள். ஏரிக்கு அது ஈடாகாதுதான். எடுத்ததற்கு ஏதோ பாக்கியிருக்கிறது என்ற பிரக்ஞையாவது அந்த வரைபடத்தில் தெரிகிறது.

கடினமான ஆட்சேபம் வீடில்லாதவனுடையது. அதை யாரும் லேசாகத் தட்டிவிட முடியாது. நகர்ப்புற வீட்டுத் தட்டுப்பாடு பற்றி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2012இல் சொன்ன கணக்கு: 1 கோடியே 88 லட்சம் வீடுகள் போதவில்லை, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வேண்டியவை. இதற்கு முந்தைய ஆண்டு, 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பு, இந்திய நகரங்களில் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடப்பதாக எண்ணி எழுதியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆளில்லாத அந்த அடுக்குமாடி வீடுகளை 'சும்மா கிடக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் முதலீடு. கிண்டியில் சுமார் 160 ஏக்கர் பந்தயத் திடல் பல பத்தாண்டுகள் ஒரு கிளப்பின் குத்தகையில் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கியது வரை அதுவும் சும்மா கிடந்ததாகப் பேச்சில்லை. குதிரைகள் ஓடின அல்லவா. பையன்கள் ஓடுகிற மூன்று ஏக்கர்தான் சும்மா கிடக்கிறது.

வீடில்லாதவனுக்கு ஒரு கடன் இருக்கிறது; ஐயமில்லை. கடன் யாருடையது? அதிகமாக வளைத்துக்கொண்டவர்களுடையது. அவர்களைக் கேட்காமல் மிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என்றால், மிச்சத்தில் ஏற்கெனவே வீடில்லாதவனுக்குப் பங்கு உண்டு. சொல்லப்போனால் நகரத்தில் அவனுக்கென்று இருக்கிற ஒரே பங்கு அதுதான். அவனுடையதை எடுத்து அவனுக்கே கொடுத்துவிட்டு, தானம் செய்ததாகக் கல்வெட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதைச் சொல்பவன் வீடுள்ளவனாக இருப்பது சங்கடம்தான். ஆக்டேவியா ஹில்லின் உதாரணம் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1865இல் ரஸ்கின் கொடுத்த பணத்தில் லண்டன் மேரில்போனில் பாழடைந்த குடியிருப்புகளைத் தன் பொறுப்பில் எடுத்துச் செப்பனிட்டு, ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டு, வாராவாரம் தானே போய் வாடகை வசூலித்த பெண்மணி அவர். (அவருடைய கண்டிப்பும் உபதேசமும் எனக்கு உவப்பானவையல்ல; அது வேறு விஷயம்.) ஏழையின் வீடு எவ்வளவு சிறியது என்பதை அன்றைய லண்டனில் அவரைவிட நன்றாக அறிந்த மத்தியதர வர்க்கத்தவர் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் 1875இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்கள் கட்டட மனைகளாகப் போவதைத் தடுக்க நிதி திரட்டினார். திறந்தவெளி ஏழைக்கு வீட்டின் இன்னொரு அறை என்பது அவருடைய வாதம். முயற்சி தோற்றது. அந்த வயல்களின் மேல் வந்தது ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ. பணக்காரர்களும் பிரபல ஓவியர்களும் மாளிகை கட்டிக்கொண்ட வீதி. வீட்டுத் தேவையின் பெயரால் எடுக்கப்படும் வெளி கடைசியில் யார் வீடாகிறது என்ற கேள்வி நம் ஊரில் மட்டும் எழுவதல்ல. 1895இல் நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர் என்பதற்குப் பின்னால் இந்தத் தோல்வி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தொனியில் பேசியவர் ஹைடெக்கர். 1951 ஆகஸ்டில் டார்ம்ஷ்டாட் நகரில், யுத்தத்தில் நொறுங்கிய ஜெர்மனியை மறுபடி கட்ட வேண்டியிருந்த கட்டடக் கலைஞர்கள் முன்னால், கட்டுதல், வாழ்தல், சிந்தித்தல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வீட்டுத் தட்டுப்பாடு கொடியதுதான். ஆனால் உண்மையான நெருக்கடி அதைவிடப் பழையது, மனிதன் வாழக் கற்க வேண்டியிருக்கிறான் என்பது சாரம். இந்த உரை நம்மில் பலருக்குப் பிடித்தமானது, எனக்கும்தான். வெளி என்பது முதலிலேயே காலியாகக் கிடந்து நாம் நிரப்புகிற பாத்திரமல்ல, எல்லையிட்டு இடம்விட்டதாலேயே உண்டாவது என்று அவர் காட்டுகிற இடம் திடலைப் பற்றி எழுதியதுபோலவே இருக்கிறது. ஆனால் 1922 முதல் டோட்னவ்பெர்க் மலையில் சொந்தக் குடில் வைத்திருந்தவர், அகதிகள் இடிபாடுகளுக்கிடையே படுத்திருந்த தேசத்தில், தட்டுப்பாடு உண்மையான நெருக்கடியல்ல என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தத்துவத்தில் சரியாக இருக்கிற வாக்கியம் சொல்கிற வாயில் தப்பாகிவிடலாம். சித்தர்களின் வெட்டவெளியைப் பற்றி உருகி உருகி எழுதுகிற நாமும் ஒரு சர்வே எண்ணுக்காக முனிசிபல் ஆபீஸ் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்ததில்லை.

இப்போது அந்தத் தயக்கம். மிச்சம் எல்லாருடையதாகவும் இருந்ததா? செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், அன்று பறையர் என்று பதிவான மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் (1892-ல் அது அரசாணைக்குக் காரணமாயிற்று, பஞ்சமி நிலம் என்று நாம் பின்னால் அறிந்தது அதன் விளைவு) கிராமத்துக் காலி நிலங்களின் கதை வேறு மாதிரி வருகிறது. உழப்படாத நிலத்தின் மேலும் வீட்டு மனையின் மேலும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். குடியிருக்கும் குடிசையடி மண்கூடத் தன்னுடையதல்ல என்ற நிலையில் வைத்திருந்தால்தான் பண்ணையாள் பண்ணையை விட்டுப் போகமாட்டான். நிலம் சும்மா கிடந்தது ஒருவனைச் சும்மா இருக்கவிடாமல் வைப்பதற்காக. ஊர் மந்தையும் அப்படித்தான். மந்தையில் கூத்து நடக்கும், பஞ்சாயத்து கூடும். சேரிக்காரன் தள்ளி நிற்பான், அல்லது வரவேமாட்டான். இந்த ஞாபகம் இல்லாமல் 'நம் முன்னோர்கள் பொதுவெளிகளைப் போற்றினார்கள்' என்று ஆரம்பிக்கிற எந்தக் கட்டுரையையும் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஆகவே மிச்சம் என்ற கருத்துக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒருவன் நுழைய முடியாத காலியிடம் அவனைப் பொறுத்தவரை மிச்சமல்ல. இன்னும் சுவர் எழுப்பப்படாத ஒரு சுவர். வேலிக்குள் புல்வெளி எவ்வளவு பச்சையாக இருந்தாலும், வீடில்லாதவனின் கோரிக்கைக்கு எதிராக அதை நிறுத்த நமக்கு நியாயமில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. எங்கள் பேட்டையில் ஒரு திடல் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மூலையை வெகு நாட்களுக்கு முன்பே ஒரு கல்யாண மண்டபம் எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கத்தைக் கார்கள் எடுத்துக்கொண்டன. மீதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டதும் குடியிருப்போர் சங்கம் மனு தயாரித்தது. என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர், நல்ல மனிதர். "எல்லாம் அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் ஒதுக்குவாங்க, அப்புறம் இந்தத் தெரு தெருவா இருக்காது" என்றார். மனுவில் இந்த வாக்கியம் இல்லை. மனுவில் பறவைகள் இருந்தன. காலையில் நடப்பதற்கு ஓடு பதித்த பாதை, நான்கு பக்கமும் கம்பி வேலி, பந்து விளையாட்டுக்குத் தடை, இரவு எட்டு மணிக்குப் பூட்டு, இவையும் இருந்தன.

எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு வருகிற அம்மாள் திடலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் இருப்பவர். அவருடைய பேரன்கள் ஆடுவது அங்கேதான். மேஜைமேல் கிடந்த மனுவை என்னவென்று கேட்டார், சொன்னேன்.

"கல்யாண மண்டபம் கட்டுனப்ப யாரும் கையெழுத்துக் கேக்கலியே சார்."

"அப்போ நான் இந்தத் தெருவுக்கு வரலைம்மா."

"நீங்க வரல. மத்தவங்க இருந்தாங்க இல்ல." கொஞ்சம் கழித்து, "எங்களுக்கு வீடு வந்தா நல்லதுதான். ஆனா எங்க பேரைச் சொல்லிக் கட்டி வேற யாருக்காவது குடுப்பாங்க. பசங்களுக்கு இருக்கிற எடமும் போயிடும். பூட்டுப் போட்டாலும் போயிடும். ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு."

நான் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்ல முயல்வதைவிட இது துல்லியமாக இருக்கிறது. கட்டடமும் பூட்டும் அவருக்கு ஒன்று.

சட்டம் இந்தப் பிரச்சினையை எப்படிப் பார்க்கிறது என்பது சுவாரஸ்யமானது, ஏனென்றால் லாக்கின் நிபந்தனை அங்கே ஓர் அரசு விதியாக உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரிப்பவர் அதில் நூற்றுக்குப் பத்து பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் தானப் பத்திரம். வளைத்ததற்கு நிபந்தனையாகத் திருப்பிக் கொடுப்பதைத் தானம் என்று அழைப்பதில் நம் மனோபாவம் முழுதும் அடங்கியிருக்கிறது. 2019 விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்குக் குறைந்தால் ஒதுக்கீடே வேண்டாம். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டால், இடம் விட முடியாதவர் அரசு வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். பணம் நல்ல காரியத்துக்கே செலவாகட்டும். ஆனால் அதன் மேல் ஏறி நின்று பந்தை அடிக்க முடியாது. மிச்சத்தின் இடத்தில் அதன் விலையை வைப்பது, மிச்சத்தையும் விற்பனைக்குரியதாக்கி அதன் அர்த்தத்தையே ரத்து செய்கிறது.

1991இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர் வழக்கு ஒன்றில், குடியிருப்பு வரைபடத்தில் பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. முதலமைச்சர் சொன்னாலும் செல்லாது என்றது. மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. எனக்கு இதில் பிடித்த அம்சம், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவனுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று ஏற்றது. 2011 ஜனவரித் தீர்ப்பு இன்னும் தூரம் போயிற்று. பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் குளத்தை மேடாக்கி வீடு கட்டிக்கொண்டவர்களை வெளியேற்றச் சொன்னதோடு, நாடு முழுவதும் கிராமப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்தது: நிலமற்ற கூலிகளுக்கோ தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ அரசு முறைப்படி கொடுத்திருந்தால், அல்லது பள்ளிக்கூடம், மருந்தகம் போல ஏதாவது ஏற்கெனவே இருந்தால், விட்டுவிடலாம். தர்க்க சுத்தம் பார்ப்பவர்கள் இந்த விதிவிலக்கைக் குறை என்பார்கள். எனக்கு இது அந்தத் தீர்ப்பின் மிக நேர்மையான வரியாகப் படுகிறது. மிச்சத்தில் ஒருபோதும் பங்கு கொடுக்கப்படாதவன் அதற்குள் ஒரு குடிசை போட்டுக்கொள்வதும், உள்ளதற்கு மேல் சேர்ப்பவன் அதை வளைப்பதும் ஒரே செயலல்ல. நீதிமன்றத்துக்கு வெளியேதான் இந்த வித்தியாசம் மறக்கப்படுகிறது. ஆற்றோரத்தையும் கால்வாய்க் கரையையும் அழகுபடுத்தும்போது முதலில் எடுக்கப்படுவது குடிசை. மருத்துவக் கல்லூரிகளும் மால்களும் நிற்கின்றன.

அப்படி எடுக்கப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கண்ணகி நகர். 2000 முதல் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில், எழில் நகரையும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 200 சதுர அடிக்கும் குறைந்த வீடுகள் அங்கே ஏராளம். வயது வந்த பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இந்த வீடுகளில் ஐந்தின் தரையளவு. வீட்டு எண்ணிக்கையை இலக்காக வைத்துப் பென்சில் பிடிப்பவருக்கு ஒரு களம் என்பது ஐந்து குடும்பம், நான்கு மாடியென்றால் இருபது குடும்பம். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்து கபடி ஆடப்போன ஒரு பெண், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தாள். தங்கம் வராவிட்டாலும் களத்துக்கு உரிமை அதேதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதக்கத்தைக் காட்டித் திடல் கேட்பதும் நுரையீரல் வாதத்தின் இன்னொரு வடிவம். தோற்றவர்களும், விளையாடவே தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும்தான் திடலை நிரப்புகிறவர்கள்.

மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன், வேலியும் பூட்டும் பந்துத் தடையும் பற்றிய வரிகளை அடித்துவிட்டு, மண்டபம் எடுத்துக்கொண்ட மூலையும் திரும்ப வேண்டும், பக்கத்துக் குடிசைக்காரர்களுக்கு இருக்கிற இடத்திலேயே பட்டா வேண்டும் என்று இரண்டு வரிகள் சேர்த்து எழுதினேன். சங்கத்துச் செயலாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, சுத்தப் பிரதி எடுத்து மறுபடி கொண்டுவருவதாகச் சொன்னார். சுத்தப் பிரதி வந்தபோது பறவைகள் இருந்தன, வேலி இருந்தது. என் இரண்டு வரிகள் இல்லை. அதே இடத்தில், பேனாவால் அவற்றைத் திரும்ப எழுதிவிட்டுக் காகிதத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார். அவருடைய தெருவிலிருந்து மறுநாள் காலைக்குள் இன்னும் முப்பத்தொரு கையெழுத்துகள் வந்தன. தாளின் பின்பக்கமும் போதவில்லை.